விடைக்குறிப்பில் இல்லாத பதில்

ஏப்ரல் 22, செவ்வாய்

விடைத்தாள் திருத்தும் முகாம் இன்று தொடங்கிவிட்டது. காலையில் முப்பது தாள், மத்தியானம் முப்பது தாள். மூன்றாவது மாடியில் பதினோராம் மேசை எனக்கு. மின்விசிறி சரியாகப் பின்மண்டைக்கு மேல் சுற்றுகிறது. தாள் பறக்கிறதே தவிர வியர்வை காயவில்லை. பாளையங்கோட்டை வெயிலைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நோட்டு தீர்ந்துவிடும்.

எனக்கு விழுந்திருப்பது உலக நாடக இலக்கியம். தமிழ் இளங்கலை மூன்றாம் ஆண்டு. அதில் ஒரு கட்டாயக் கேள்வி, பத்து மதிப்பெண்: 'தந்தையைக் கொன்றவனைப் பழிவாங்க இளவரசன் தயங்குவது ஏன்? ஆராய்க.' பழைய துன்பியல் நாடகம். அப்பாவைக் கொன்ற தளபதி யார் என்று முதல் அங்கத்திலேயே இளவரசனுக்குத் தெரிந்துவிடும். மூன்றாம் அங்கத்தில் அந்தத் தளபதி படகில் தனியாகத் தூங்குவான். இளவரசன் வாளை உருவிக்கொண்டு பக்கத்தில் நிற்பான். பிறகு உறையில் போட்டுவிட்டுக் கரையேறிவிடுவான். ஐந்தாம் அங்கத்தில் எல்லோரும் சாவார்கள்.

விடைக்குறிப்பு என் முன்னால் இருக்கிறது. மனவலிமை இன்மை, அளவுமீறிய சிந்தனை, செயலூக்கம் இன்மை, அதனால் வந்த வீழ்ச்சி. ஒவ்வொன்றுக்கும் இரண்டரை. இதை எழுதிய மகானுபாவன் நான்தான். இரண்டு வருடத்துக்கு முன் வினாவங்கிக் குழுவில் என்னைப் போட்டபோது, வடையைத் தின்றுகொண்டே எழுதிக் கொடுத்தேன். அப்போது அப்பா உயிரோடு இருந்தார்.

சாயங்காலம் சித்தப்பா போன் செய்தார். அப்பா கொலைக் கேஸில் கைதான வெள்ளப்பாண்டி தினமும் வெளியூர் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்ற ஜாமீன் நிபந்தனை முடிந்துவிட்டதாம். இன்று காலை ஊருக்கு வந்துவிட்டானாம். எங்கள் தெரு வழியாகவே பைக்கில் போனானாம். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். சாம்பாரைப் பாயில் கொட்டிவிட்டேன்.

செருப்பை வாடகை அறைக்குள்ளேயே கழற்றி வைப்பது வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. இன்றும் முறைத்தார். முறைக்கட்டும்.

ஏப்ரல் 24, வியாழன்

அறுபது தாள். அறுபதிலும் மனவலிமை இன்மை.

ஏப்ரல் 25, வெள்ளி

மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் வாட்ச்மேன் வந்து, கேட்டில் உங்களைத் தேடி ஒருத்தர் நிற்கிறார் என்றார். யார், எப்படி இருக்கிறார், எத்தனை பேர் என்று மூன்று தடவை கேட்டேன். தாடி வைத்த பெரியவர், கையில் தூக்குச்சட்டி என்றதும்தான் இறங்கிப் போனேன்.

சித்தப்பாதான். அப்பாவின் ஒரே தம்பி, சிதம்பரம். அண்ணனைக் கொன்றவனை விட்டு வைத்துக்கொண்டு முகத்தில் கத்தி படக்கூடாது என்று ஒரு வருடமாகத் தாடி வளர்க்கிறார். அது இப்போது நெஞ்சைத் தொடுகிறது. அம்மா கொடுத்துவிட்ட புளிக்குழம்பை என் கையில் கொடுத்தார். வேப்பமரத்தடியில் நின்றோம். சுற்றி வளைக்கவில்லை.

"வருசம் திரும்பப் போவுதுல ஆவுடை. மே ஒம்பது. அதுக்குள்ள நம்ம வீட்டுல இருந்து ஒண்ணும் நடக்கலைன்னா ஊருல எவனும் நம்மள மனுசனா மதிக்க மாட்டான். நான் செய்வேன். ஆனா மவன் செய்யணும். அதான் மொறை."

எனக்கு முப்பத்தாறு வயது. ஆட்டுக்கறி வெட்டுகிற கடைப் பக்கம்கூட நான் போவதில்லை. முடியாது சித்தப்பா என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"நேரம் வரட்டும் சித்தப்பா."

வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். அவரைப் பஸ் ஏற்றிவிட்டால் போதும் என்று இருந்தது. ஆனால் சித்தப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் என்னை அப்படி மரியாதையாகப் பார்த்ததே இல்லை. "அப்படியா சங்கதி" என்று மட்டும் சொன்னார். என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். புளிக்குழம்பு இறங்கவில்லை. பக்கத்து மேசைக்காரருக்குக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஊருக்குப் போய் வந்தேன். ஓடைக்குறிச்சிக்குக் காலை பஸ்ஸில் போய் மத்தியான பஸ்ஸில் திரும்பிவிட்டேன். வயல் பக்கம் போகவில்லை. அம்மாவும் போகச் சொல்லவில்லை. முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள், சட்டை தொளதொளவென்று இருக்கிறதே என்றாள். ஒரு வருடமாக அவள் அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. போலீஸ் கேட்டது, வக்கீல் கேட்டார், ஊரே கேட்டது. அம்மா மட்டும் கேட்கவில்லை.

நான் எல்லோரிடமும் சொன்னது ஒன்றுதான். கோடை லீவுக்கு வந்திருந்தேன். அன்று காலையில் அப்பா தண்ணீர் பாய்ச்ச வயலுக்குப் போனார். நான் டீ குடிக்கக் கடைக்குப் போயிருந்தேன். சத்தம் கேட்டு வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. வண்டிப் பாதைத் தகராறில் வெள்ளப்பாண்டியும் வேறு இரண்டு பேரும் வெட்டியதாக ஊர் சொல்கிறது. ஓடுகிறவர்களைப் பார்த்தேன் என்று சொன்ன ஆட்டுக்காரர்கூட இப்போது கண் சரியாகத் தெரியாது என்கிறார். பார்த்த சாட்சி யாரும் இல்லை. கேஸ் நிற்காது என்று அரசு வக்கீலே சொல்லிவிட்டார்.

வெள்ளப்பாண்டி வெட்டி முடித்ததும் அரிவாளை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, அப்பாவின் துண்டை எடுத்து முகம் துடைத்தான் என்று சொல்கிறார்கள்.

யார் சொன்னார்கள் என்று ஞாபகம் இல்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

இன்று ஒரு தாள். முப்பது தாள் கட்டில் பதினேழாவது. பெயர் கிடையாது, டம்மி நம்பர்தான். ஆணா பெண்ணா என்றும் தெரியாது. கோழி கிளறிய மாதிரி கையெழுத்து. கட்டாயக் கேள்விக்கு மொத்தமே சில வரிகள்.

'இளவரசன் தயங்கவில்லை. அவன் பயந்தான். ஐந்து அங்கத்தில் ஒருவர்கூட அவனைப் பார்த்து உனக்குப் பயமாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. எல்லோரும் அவன் மௌனத்துக்கு ஒவ்வொரு அர்த்தம் சொல்கிறார்கள். படகில் தூங்குகிறவனைக் கொல்லாதது அவன் செய்த தவறு அல்ல. தனக்குத் தெரிந்ததைச் சபையில் எழுந்து சொல்லாததுதான் தவறு.'

சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். யாரோ என் அறைக்குள் வந்து பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் போனது போல இருந்தது.

தலைமைத் தேர்வாளர் ஜெபராணி மேடத்திடம் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை படித்தார். விடைக்குறிப்பில் பயம் என்று எங்கும் இல்லை, இரண்டு மதிப்பெண் போட்டுவிட்டு நகருங்கள், இன்னும் பதிமூன்று தாள் கிடக்கிறது என்றார். நான் அந்தத் தாளை மட்டும் கட்டின் அடியில் சொருகி வைத்தேன். நாளைக்குப் பார்க்கலாம்.

நாளைக்கு, நாளைக்கு. நானும் என் லட்சணமும்.

ஏப்ரல் 30, புதன்

போஸ்டர் ஒட்டிவிட்டார்கள்.

முகாமுக்கு எதிரே டீக்கடைச் சுவரில் முதலில் பார்த்தேன். பிறகு பஸ் ஸ்டாண்டில், சவக்கிடங்குச் சுவரில், கோர்ட் போகிற சாலையில். சித்தப்பா செய்த வேலை. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி என்று மேலே. நடுவில் அப்பா, கொம்பையா என்று பெயர், பின்னால் நெருப்பு. கீழே ஓரமாகவாவது போட்டிருக்கலாம், அப்பாவுக்குச் சமமாக என் படம். என் கல்லூரி அடையாள அட்டையில் இருக்கும் படம்தான், மீசையை மட்டும் யாரோ கம்ப்யூட்டரில் தடியாக்கியிருக்கிறார்கள். என் படத்துக்கு அடியில் சிவப்பு எழுத்தில்:

'நேரம் வரட்டும்! - மகன், பேராசிரியர் ஆவுடையப்பன்.'

டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினேன். கடைக்காரர் காசு வாங்கவில்லை. கும்பிடு போட்டார். கும்பிடு!

சித்தப்பாவுக்குப் போன் செய்து கத்தினேன். அவருக்கு என் கோபம் புரியவே இல்லை. நீ சொன்ன வார்த்தையைத்தானே போட்டேன் என்றார். ஊரில் எல்லாரும் பேசிக்கொள்கிறார்களாம், வாத்தியார் ஒரு வருடமாக ஊமை மாதிரி இருந்து ஆழம் பார்த்திருக்கிறான், படித்தவன் படித்தவன்தான் என்று. நான் பயந்து நடுங்கிக்கொண்டு கிடந்த ஒவ்வொரு நாளையும் ஊர் திட்டம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் வெள்ளப்பாண்டியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பான். நேரம் வரும்வரை அவன் ஏன் காத்திருக்க வேண்டும்?

கதவைத் தாழ் போட்டு, அதன் மேல் நாற்காலியைச் சாய்த்து வைத்திருக்கிறேன். வெளியே பைக் சத்தம் கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. இந்த ஒரு பக்கம் எழுத ஏழு தடவை நிறுத்தினேன்.

மே 2, வெள்ளி

இரண்டு பேர் வந்து வாட்ச்மேனிடம் ஆவுடையப்பன் சார் எத்தனை மணிக்கு வெளியே வருவார் என்று கேட்டிருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் என்றார்களாம். அவரும் மரியாதையாக நாலரை மணிக்கு என்று சொல்லிவிட்டார். நல்ல மனுஷன், அவரைச் சொல்லி என்ன.

நான் நாலரைக்குப் போகவில்லை. ஜெபராணி மேடத்தின் மேசைக்கு எதிரே போய் உட்கார்ந்துகொண்டேன். அவருக்கும் போஸ்டர் தெரியும். பாளையங்கோட்டையில் யாருக்குத்தான் தெரியாது. கட்டுகளை முத்திரை வைத்து அடுக்கிக்கொண்டே, நிமிராமல் கேட்டார்.

"சார், உங்களுக்குப் பயமா இருக்கா?"

ஒரு வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆமாம் மேடம் என்றேன். அவர் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினார், தன் காரில் பின்பக்க வாசல் வழியாக என்னைக் கூட்டிக்கொண்டுபோய் அறையில் விட்டார். வண்டியில் ஜெபப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சீட்டில் குனிந்தே உட்கார்ந்திருந்தேன்.

மே 3, சனி

வெளியே போகவில்லை. பிஸ்கட்.

மே 4, ஞாயிறு

அம்மா வந்தாள். தனியாகப் பஸ் பிடித்து, விசாரித்துக்கொண்டே மாடி ஏறி வந்திருக்கிறாள். கதவைத் தட்டியபோது நான் கட்டிலுக்கு அடியில் போய்விட்டேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. "எய்யா, அம்மாதான்" என்ற குரல் கேட்டுத்தான் வெளியே வந்தேன். தலையில் ஒட்டடை.

உள்ளே வந்து சுற்றிப் பார்த்தாள். நாற்காலி, தாழ், மூடிய ஜன்னல், கதவுக்கு உள்ளே என் செருப்பு. அந்தச் செருப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தான் கொண்டு வந்த மஞ்சள் பையைப் பிரித்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துத் தரையில் வைத்தாள். பிரித்தேன். என் பழைய செருப்பு. தோல் செருப்பு, இடது வாரில் நான் போட்ட நீல நூல் தையல். போன வருடம் மே ஒன்பதோடு காணாமல் போனது.

"பம்புசெட்டு ரூம் வாசல்ல கெடந்துச்சு. ஊரு கூடுறதுக்கு முன்னாடி நாந்தான் எடுத்து மடியில சொருகுனேன். நெல்லுக் குதிருக்குள்ள போட்டு வச்சிருந்தேன்."

உட்கார்ந்துவிட்டேன். அப்படியென்றால் அம்மாவுக்கு முதல் நாளே தெரியும். நான் போலீசிடம் டீக்கடை என்று சொல்லும்போது பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாளே, அப்போதே அவள் மடியில் என் செருப்பு இருந்திருக்கிறது.

அம்மா அழவில்லை. பார்த்தேன் என்று நீ சொன்னால் உன்னையும் கொன்றுவிடுவார்கள், அதனால்தான் பேசாமல் இருந்தேன் என்றாள். ஒரு வருடமாக உன்னை ஒளித்து வைத்தது நீ மட்டும் இல்லை, நானும்தான் என்றாள். பிறகு போஸ்டரைச் சொன்னாள்.

"உங்க சித்தப்பன் ஒன் மூஞ்சியச் செவுத்துல ஒட்டிட்டான். இனி ஒளிஞ்சு பிரயோசனம் இல்ல. ஒண்ணு அருவாளத் தூக்கணும், இல்ல வாயத் தொறக்கணும். அருவா ஒனக்கு வராது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதேன். அப்புறம் அவளிடம் சொன்னேன், அப்பாவின் கடைசி வார்த்தை எது என்று. இத்தனை நாளும் அது எனக்கு மட்டும்தான் தெரியும். கேட்டுவிட்டு முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

மே 5, திங்கள்

இங்கே எழுதிவிடுகிறேன். இங்கேயே எழுத முடியாவிட்டால் வெளியே எப்படிச் சொல்வது.

நான் டீக்கடைக்குப் போகவில்லை. அப்பாவோடு வயலுக்குப் போனேன். பம்புசெட்டு அறைக்குள் மோட்டார் போட்டுவிட்டு, அங்கேயே போனை சார்ஜில் வைத்து நோண்டிக்கொண்டிருந்தேன். செருப்பு வாசலில். காலை ஏழு மணி இருக்கும். மூன்று பேர் வரப்பில் வந்தார்கள். கதவு இடுக்கில் தெரிந்தது. வெள்ளப்பாண்டி முன்னால். வண்டிப் பாதையைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அப்பாவிடம், எங்கே உன் மகன், லீவுக்கு வந்திருக்கானாமே என்று கேட்டான்.

அப்பா பம்புசெட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, எப்போதும் பேசுவதைவிடக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

"அவன் டீ குடிக்கப் போயிருக்கான்."

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் கூப்பிடவும் இல்லை. நான் மோட்டாருக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு கடப்பாரை இருந்தது. எனக்கும் அதற்கும் ஒரு முழம்தான். எடுக்கவில்லை. அவர்கள் போய்ப் பத்து நிமிடம் கழித்துத்தான் வெளியே வந்தேன், வெறும் காலோடு ஓடினேன், தெரு முனையில் எங்கே இருந்தாய் என்று கேட்டவர்களிடம் எல்லாம் டீ குடிக்கப் போயிருந்தேன் என்றேன். அது அப்பா சொன்ன பொய். அதைத்தான் ஒரு வருடமாக நான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முகாமில் இன்று கடைசி நாள். அடியில் சொருகி வைத்த தாளை எடுத்து, கட்டாயக் கேள்விக்கு எட்டுப் போட்டேன். ஜெபராணி மேடம் சரிபார்க்கும்போது அதில் பேனாவை வைத்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டு மூடிவிட்டார். பத்தும் போட்டிருப்பேன். மேற்கோள் ஒன்றுகூட இல்லையே.

மே 6, செவ்வாய்

அம்மாவோடு அரசு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். முதலில் நம்பவில்லை. செருப்பு, சார்ஜர், கதவு இடுக்கு, வெள்ளப்பாண்டி முகம் துடைத்த துண்டு என்று ஒவ்வொன்றாகச் சொன்னதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்தத் துண்டு வெள்ளப்பாண்டியின் வீட்டுக்குப் பின்னால் கிடைத்ததாம். எப்படி அங்கே போனது என்று இதுவரை யாராலும் சொல்ல முடியவில்லையாம். நீதித்துறை நடுவர் முன் வாக்குமூலம் கொடுக்க ஏற்பாடு செய்கிறேன், பாதுகாப்புக்கும் மனு போடலாம், ஆனால் குறுக்கு விசாரணையில் கிழித்து எடுப்பார்கள், தாங்குவீர்களா என்றார். தெரியாது என்றேன்.

சித்தப்பா போனில் கொதித்தார். அண்ணன் ரத்தத்துக்கு நீ தாளில் பதில் எழுதப் போகிறாயா என்றார். நான் அங்கேதான் இருந்தேன் சித்தப்பா, பயந்து ஒளிந்துகொண்டேன் என்று சொன்னேன். வைத்துவிட்டாரா என்று போனைப் பார்த்தேன். வைக்கவில்லை.

மே 8, வியாழன்

பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். கொஞ்சம் கடிக்கிறது.

நடுவர் சின்ன வயது. என்னைவிட ஐந்தாறு வயது குறைவாக இருப்பார். போலீஸ்காரர்களை வெளியே அனுப்பிவிட்டு, யாராவது மிரட்டினார்களா, ஆசை காட்டினார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். தொடக்கத்திலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். அப்பா சொன்ன வார்த்தை வந்தபோது தண்ணீர் கேட்டேன். தண்ணீர் வரும்வரை அவரும் காத்திருந்தார்.

கடைசியில் எதிர்பார்த்த கேள்வி வந்தது. நீங்கள் ஒரு கல்லூரி ஆசிரியர். கண்ணால் பார்த்ததை ஒரு வருடமாக ஏன் சொல்லவில்லை?

வீட்டில் நான்கைந்து விதமாகப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அதிர்ச்சி, மனநிலை, குடும்பச் சூழல். ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மதிப்பெண் கிடைக்கும்.

"பயம் சார்" என்றேன்.

வேறு ஏதாவது சொல்வேன் என்று கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த ஒரு வார்த்தையை எழுதிக்கொண்டார். படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

மே 9, வெள்ளி

அப்பாவுக்கு வருடம். ஊருக்கு வந்திருக்கிறேன். தெருவில் ஒரு போலீஸ்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் தூங்குகிறார். சித்தப்பா காலையிலேயே வந்து, என்னைத் தாண்டி நடந்து, படத்துக்கு மாலை போட்டுவிட்டுப் போனார். தாடி அப்படியேதான் இருக்கிறது. போகும்போது எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த போஸ்டரில் என் படம் இருந்த பாதியை மட்டும் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கோபமா, வேறு ஏதாவதா என்று கேட்கத் தைரியம் இல்லை.

இன்றைக்கும் பயம்தான். நேற்றைவிட அதிகம். இனிமேல் அவனுக்கு நான் போஸ்டரில் இருக்கிற மீசைக்காரன் இல்லை, பார்த்த சாட்சி.

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து இதை எழுதுகிறேன். இதற்குள் இரண்டு தடவை எழுந்துபோய் எட்டிப் பார்த்துவிட்டேன். அங்கேயேதான் கிடக்கிறது, அம்மாவின் செருப்புக்குப் பக்கத்தில்.